போர்கை: சிட்லிங்கிப் பள்ளத்தாக்கின் பூத்தையல் சங்கம்

கூட்டுறவு என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவன கடன் சங்கம், பால் சங்கம், நெசவாளர் சங்கம், விற்பனைச் சங்கம் ஆகியவையே. ஊசியையும் நூலையும் தவிர வேறு மூலதனம் இல்லாத பெண்கள் சிலர் ஒன்றுகூடி, மறைந்து போகும் நிலையிலிருந்த ஒரு கைத்தொழிலை மீட்டு, அதனையே தம் குடும்ப ஜீவனத்திற்குத் துணையாக்கிக்கொண்ட வரலாறு ஒன்று நம் தருமபுரி மாவட்டத்திலேயே உண்டு. அரூர் வட்டத்தைச் சேர்ந்த சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் நடத்திவரும் 'போர்கை' என்னும் கைவினைஞர் சங்கமே அது. அச்சங்கம் தோன்றிய விதத்தையும், வளர்ந்த விதத்தையும், நெசவாளரும் உழவருமாகிய நாம் அதனிடமிருந்து கற்கத்தக்கது யாது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

பள்ளத்தாக்கும் அதன் மக்களும்

அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகச் செல்லும் பாதை, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட ஒரு பள்ளத்தாக்கை அடைகின்றது. சிட்லிங் என்றும் சிட்லிங்கி என்றும் வழங்கும் ஊரும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும் அங்கே அமைந்துள்ளன. அவற்றில் வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள். கேரள நாட்டவரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது. இவர்களுக்கிடையே லம்பாடி மக்களின் குடியிருப்புகளும் இரண்டு உள்ளன. தாண்டா என்பது அத்தகைய குடியிருப்புக்கு அவர்கள் வழங்கும் பெயர். வானம் பார்த்த பூமியில் கேழ்வரகு, சாமை, பருத்தி முதலியவற்றையும், கிணற்றுப் பாசனம் உள்ள இடங்களில் மஞ்சளையும் விளைவித்து வாழ்வதே இப்பள்ளத்தாக்கின் தொழில். மழை பொய்த்த ஆண்டுகளில் திருப்பூருக்கும், பெங்களூருக்கும், கேரளத்திற்கும் கூலி வேலை தேடிச் செல்வது நம் மாவட்டத்தின் பல ஊர்களைப் போலவே இங்கும் வழக்கமாயிற்று.

லம்பாடிகள் இன்று நிலைத்த குடிகளாக இருப்பினும், அவர்களுடைய முன்னோர் நெடுந்தொலைவு நடந்தவர்கள். வடமேற்கு இந்தியாவிலிருந்து தக்காணத்தில் பரவிய இம்மக்கள், பொதிமாடுகளின் மேல் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்று விற்ற வணிகர்கள். முகலாயப் படைகளுக்கும் தக்காணத்து அரசர்களின் படைகளுக்கும் இவர்களே தானியம் கொண்டுவந்து கொடுத்தனர். 1791ஆம் ஆண்டில் திப்பு சுல்தானை எதிர்த்துச் சென்ற காரன்வாலிஸின் படையும் இவர்களுடைய பொதிமாடுகளையே உணவுக்கு நம்பியிருந்தது. அப்போரின் முடிவில், 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையினால், இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளாகிய பாரமகால் ஆங்கிலேயர் வசமாயிற்று.

பின்னர் சாலைகளும் ரெயில் பாதைகளும் பெருகப் பெருகப் பொதிமாட்டு வணிகம் நசித்தது. தொழில் இழந்தது போதாதென்று பழியும் வந்து சேர்ந்தது. நாடோடிக் குலங்கள் பலவற்றைப் பிறவியிலேயே குற்றவாளிகள் என முத்திரையிட்ட 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், லம்பாடிகளும் சில பகுதிகளில் கொண்டுவரப்பட்டனர். சுதந்திரத்திற்குப் பிறகு, 1952ஆம் ஆண்டில்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது. தம் குலத்தை வெளியே சொல்லிக்கொள்ளவே கூச வேண்டிய நிலையில் ஒரு சமூகம் பல தலைமுறை வாழ்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது. பின்னால் வரும் செய்திகளுக்கு இதுவே திறவுகோல்.

உடையில் இருந்த கலை

லம்பாடிப் பெண்களின் பழைய உடையை நம் மூத்த அங்கத்தினர்களில் சிலர் சந்தைகளில் கண்டிருக்கக் கூடும். பேட்டியா என்பது பாவாடை. காஞ்சளி என்பது முதுகுப்புறம் திறந்து நாடாவால் கட்டப்படும் ரவிக்கை. இவற்றோடு தலையை மூடும் முக்காட்டுத் துணியும் உண்டு. இம்மூன்றும் பூத்தையலால் நிறைந்தவை. கண்ணாடிச் சில்லுகளும், சோழிகளும், நாணயங்களும், மணிகளும் அவற்றில் இழைக்கப்படும். சிவப்பும் மஞ்சளும் நீலமும் ஓங்கிய துண்டுத் துணிகள் ஒன்றோடொன்று ஒட்டுத்தையலால் இணைக்கப்படும்.

இத்தையலின் நுட்பம் நெசவாளர்களுக்கு எளிதில் விளங்கும். இதன் உருவங்கள் பெரும்பாலும் கட்டங்களும், முக்கோணங்களும், சாய்கோடுகளுமே ஆகும். அவற்றுட் பலவற்றைத் தையற்காரி துணியின் இழைகளைக் கண்ணால் எண்ணியே இடுகின்றாள். ஆகவே பாவும் ஊடையும் அடர்த்தியில் ஒத்திருந்தால்தான் கட்டம் கட்டமாக வரும். ஊடை நெருங்கிப் பாவு விலகியிருப்பின் சதுரம் நீள்சதுரமாகிவிடும். கண்ணாடி பதிப்பதும் தனி வித்தையே. சில்லில் துளை கிடையாது. ஆதலின் முதலில் அதன் குறுக்கே நூலைப் பாய்ச்சி ஒரு சட்டம் போல் கட்டி, பின்பு அச்சட்டத்தைச் சுற்றி நெருக்கமாகத் தைத்து, சில்லைத் துணியோடு பிணைக்கின்றனர்.

இவ்வேலை விலைக்குச் செய்யப்பட்டதன்று. தாய் மகளுக்கும், மகள் தன் திருமணத்திற்கும் தைத்துக்கொண்டனர். காலப்போக்கில் அவ்வுடையை அணிவது குறைந்தது. பள்ளியிலும் சந்தையிலும் பிறரிலிருந்து வேறாகத் தோன்றுவதைப் பெண்கள் விரும்பவில்லை. கடைச் சேலை மலிவாகவும் கிடைத்தது. உடை போனபின் தையலுக்கு இடம் ஏது? சிட்லிங்கித் தாண்டாக்களில் ஏறக்குறைய இரண்டு தலைமுறைக் காலம் பூத்தையல் கைவிடப்பட்டுக் கிடந்தது.

மருத்துவமனையில் பிறந்த எண்ணம்

இப்பள்ளத்தாக்கின் புதிய வரலாறு 1993ஆம் ஆண்டில் தொடங்குகிறது. காந்திகிராமத்து மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் துணைவியார் டாக்டர் லலிதா ரெஜியும் அவ்வாண்டில் இங்கு வந்து, பழங்குடியினர் நலவாழ்வு முயற்சி என்னும் பொருள்படும் ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கினர். முதல் மருத்துவமனை ஒரு குடிசையே. பிறக்கும் குழந்தைகள் 1000க்கு 147 ஓராண்டு நிறையுமுன் இறந்த காலம் அது. உள்ளூர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, தாய் சேய் நலத்தை வீடுதோறும் கவனித்ததனால் அச்சாவு வெகுவாகக் குறைந்தது.

நோயைப் பார்க்கப் புகுந்தவர்கள் நோயின் வேரையும் பார்க்க நேர்ந்தது. பயிருக்கு வாங்கிய கடனும், வெளியூர்க் கூலியும், அரைவயிற்று உணவும் உள்ள வீட்டில் மருந்து மட்டும் என்ன செய்யும்? உழவர்களோடு கலந்து பேசியதன் பயனாக, 2004ஆம் ஆண்டளவில் சிட்லிங்கி இயற்கை உழவர் சங்கம் உருவாயிற்று. விரல்விட்டு எண்ணத்தக்க சில உழவர்களே முதலில் முன்வந்தனர்; பின்னர் அது பல நூறு குடும்பங்களின் சங்கமாக விரிந்தது. இரசாயன உரமும் பூச்சி மருந்தும் இன்றி விளைந்த சிறுதானியமும், மஞ்சளும், பருத்தியும் அதன் வாயிலாக விற்பனைக்குச் சென்றன.

உழவுக்கு ஒரு சங்கம் அமைந்தபின், லம்பாடிப் பெண்களின் கைத்திறன் பற்றிய எண்ணம் எழுந்தது. டாக்டர் லலிதா ரெஜி 2006ஆம் ஆண்டில் தாண்டாவில் விசாரித்தபோது, இளம் பெண்களுக்கு அத்தையல் தெரிந்திருக்கவில்லை. முதிய பெண்கள் இருவரே அதை நினைவில் வைத்திருந்தனர். அவ்விருவருமே ஆசிரியைகள் ஆயினர். சில பெண்கள் அவர்கள் பக்கத்தில் அமர்ந்து கற்கத் தொடங்கினர். பாடப் புத்தகமோ, வரைபடமோ அதற்கு இல்லை. பழம் பாவாடைகளில் மிஞ்சிய தையலும், அம்மூதாட்டிகளின் விரல்களுமே பாடம்.

அப்பெண்கள் தம் குழுவிற்குச் சூட்டிய பெயர் 'போர்கை'. லம்பாடி மொழியில் அதற்குப் 'பெருமை' என்பது பொருள். எதைக் கண்டு கூச்சப்பட்டுப் பெட்டியில் பூட்டி வைத்தார்களோ, அதற்கே பெருமை என்று பெயரிட்டார்கள். கூலி எவ்வளவு என்ற பேச்சுக்கு முன்பே இப்பெயர் அவர்களுக்கு ஒரு பங்குத் தொகை போல அமைந்தது எனலாம்.

இருவரிடமிருந்து அறுபது பேருக்கு

இருவர் அறிந்ததைப் பத்துப் பேர் அறிந்தனர். காலப்போக்கில் தையலில் ஈடுபடுவோர் தொகை ஏறத்தாழ 60 ஆயிற்று. குழு, கைவினைஞர் சங்கமாக முறைப்படி உருப்பெற்றது. கூட்டுறவுச் சட்டத்தின்கீழ் இயங்கும் நம் நெசவாளர் சங்கங்களைப் போன்ற அமைப்பு அதற்கு இல்லையாயினும், தொழில் செய்வோரே உரிமையாளர் என்னும் நோக்கத்தில் நமக்கு நெருங்கிய உறவே.

தொடக்கத்தில் ஒரு கேள்வி அவர்கள் முன் நின்றது. பழைய உடையையே தைத்து விற்பதா? நகரத்தில் பேட்டியா உடுத்துவோர் யார்? ஆகவே பழைய தையலைப் புதிய பொருள்களின்மேல் வைத்தனர். சேலை, குர்த்தா, கைப்பை, தலையணை உறை, படுக்கை விரிப்பு, சுவரில் தொங்கவிடும் சித்திரத் துணி என்பன அவ்வாறு தோன்றின. பழங்காலத்தில் ஓர் உடை முழுவதையும் நிறைத்த தையல், இப்போது ஒரு சேலையின் முந்தானையிலோ, ஒரு பையின் முகப்பிலோ அளவாக அமர்ந்தது. கைத்தறித் துணியையும், இயற்கை முறையில் விளைந்த பருத்தியையும் அவர்கள் விரும்பிக் கையாண்டதனால், பள்ளத்தாக்கின் உழவர் சங்கத்தோடு அவர்களுடைய தொழில் இயல்பாகவே இணைந்தது.

இத்தொழிலின் பெரிய நன்மை ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். தையல் துணியை மடித்து மடியில் வைத்துக்கொள்ளலாம். காலையில் காட்டு வேலை முடித்தபின் தைக்கலாம். களை எடுக்கும் பருவத்தில் நிறுத்தி வைத்து, அறுவடைக்குப் பின் தொடரலாம். தறிக்கு வேண்டிய இடமும், இயந்திரத்திற்கு வேண்டிய மின்சாரமும் இதற்கு வேண்டா. குழந்தையையும் மாட்டையும் விட்டுத் திருப்பூர் செல்ல வேண்டிய பெண், தன் வீட்டுத் திண்ணையிலேயே பணம் ஈட்டும் வழி இதனால் ஏற்படுகின்றது. ஊரை விட்டுப் போவதா, ஊரில் நிற்பதா என்பதே அங்குள்ள குடும்பங்களுக்கு உண்மையான பிரச்சினை. அழகுக்கலை என்று நகரத்தார் கருதுவது அவர்களுக்கு அடுப்பெரியும் விஷயம்.

மணிக்கணக்கும் விலைக்கணக்கும்

பூத்தையல் சங்கங்களின் வாழ்வும் தாழ்வும் விலை நிர்ணயத்தைப் பொறுத்தவை. இதனை ஒரு கற்பனைக் கணக்கினால் விளக்குவோம். ஒரு விரிப்பில் தையல் வேலை 20 மணி நேரம் என வைத்துக்கொள்வோம். துணிக்கும் நூலுக்கும் ரூ. 200, மணிக்கு ரூ. 50 வீதம் தையற்கூலி ரூ. 1000, ஓரம் அடித்தல், வெளுத்தல் முதலியவற்றிற்கு ரூ. 100. ஆக அடக்கம் ரூ. 1300. சங்கத்தின் வாடகை, கணக்கெழுத்து, போக்குவரத்து, விற்காமல் தங்கும் சரக்கு ஆகியவற்றிற்காக நூற்றுக்கு 15 சேர்த்தால் ரூ. 195. விற்பனை விலை ரூ. 1495.

இனி, வாங்குவோர் ஒருவர் ரூ. 1000க்கு மேல் தரமாட்டேன் என்கிறார் எனக் கொள்வோம். துணிக்கடைக்காரர் ரூ. 200இல் ஒரு காசும் குறைக்கமாட்டார். ஓரம் அடிப்பவரும் குறைக்கமாட்டார். சங்கத்தின் பங்கு முழுவதும் போய், தையற்காரிக்கு எஞ்சுவது ரூ. 700, அதாவது மணிக்கு ரூ. 35. குறைக்கப்பட்ட ரூ. 495இல் ஒரு பகுதி சங்கத்தின் எதிர்காலத்திலிருந்தும், மற்றொரு பகுதி ஒரு பெண்ணின் கண்ணொளியிலிருந்தும் எடுக்கப்பட்டதாகும். தனியாக நின்று பேரம் பேசும் பெண் அந்த ரூ. 700க்கும் இசைந்து விடுவாள். அன்றைய அரிசிக்கு அவளுக்குப் பணம் வேண்டும். சங்கம் ஒன்றுதான், 'இவ்விலைக்குக் குறைந்து கொடுப்பதற்கில்லை' என்று சொல்லவல்லது. சொல்லிவிட்டு அந்தச் சரக்கைச் சில மாதங்கள் வைத்திருக்கும் பலமும் அதற்கு வேண்டும்.

தரமும் அவ்வாறே. 60 பேர் தைக்கும்போது ஒருவர் நெருக்கியும், ஒருவர் தளர்த்தியும் தைத்தால், வாங்குவோர் நல்லதை மட்டும் பொறுக்கிவிட்டு மற்றதற்கு விலை குறைப்பர். எத்தையல் சரி, எது பிரித்துத் தைக்கத்தக்கது என்பதை உறுப்பினர்களே கூடி முடிவு செய்வதுதான் சங்கத்திற்கு அழகு. பிரிக்கச் சொல்வது மனத்தாங்கலை விளைவிக்கும் என்று அஞ்சிவிட்டால், ஒருவருடைய தளர்ச்சிக்கு எல்லோரும் விலை கொடுக்க நேரும்.

பிற இடங்களின் படிப்பினை

லம்பாடித் தையலை மீட்கும் முயற்சி சிட்லிங்கியில் மட்டும் நிகழ்ந்ததன்று. கர்நாடகத்துப் பல்லாரி மாவட்டத்தின் சந்தூரில் இத்தொழில் நெடுநாளாக ஒரு கைவினை நிலையத்தின் வாயிலாக நடந்து வருகிறது. சந்தூர் லம்பாணிப் பூத்தையலுக்கு 2010ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஹம்பியில் ஜி-20 நாடுகளின் பண்பாட்டுக் குழு கூடியபோது, 450க்கும் மேற்பட்ட லம்பாணிப் பெண்கள் தைத்த 1755 துணிகள் ஒருங்கே காட்சிக்கு வைக்கப்பட்டு உலக சாதனையாகப் பதிவாயின. நம் நீலகிரியில் தோடர் பெண்கள், வெண்துணியில் சிவப்பும் கறுப்புமாக இழை எண்ணித் தைக்கும் பூத்தையலுக்கும் 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இக்குறியீடு பெயருக்குப் பாதுகாப்பு அளிக்கும். போலிச் சரக்கைத் தடுக்க உதவும். ஆனால் தையற்காரியின் கூலியை அது நிர்ணயிப்பதில்லை. கூலியை நிர்ணயிக்க ஒரு சங்கமும், சங்கத்தில் தவறாது கூடும் உறுப்பினர்களும் வேண்டும். 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் நெசவாளர் முதலிய தொழிலாளர் 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடை திறந்தபோது, அவர்களிடம் விருதும் இல்லை, குறியீடும் இல்லை. சரியான எடை, கலப்படமற்ற சரக்கு, ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் விதிகளே இருந்தன. நம் நாட்டில் 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சட்டம் வந்ததும், 1935ஆம் ஆண்டில் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதும் அந்த வழியிலேயே.

கண்காட்சியை மட்டும் நம்புவதில் உள்ள ஆபத்தையும் அண்மைக்காலம் காட்டிற்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொரோனா நோயின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது, கண்காட்சிகள் ஒரே நாளில் நின்றன. கைவினைப் பொருளை நகரச் சந்தையில் மட்டும் விற்றுவந்தோர் யாவரும் சரக்கை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. சிட்லிங்கி போன்ற இடங்களில் நிலமும் சிறுதானியமும் வீட்டில் இருந்தமையால் அடுப்பு அணையாதிருக்க வழியிருந்தது. பூத்தையல் உழவுக்குத் துணையாக இருக்க வேண்டுமேயன்றி, உழவை விட்டு விலகி நிற்கலாகாது என்பது இதனால் பெறப்படும்.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை

சிட்லிங்கியில் உழவர் சங்கமும் தையற்சங்கமும் அண்டை வீடுகள் போல் அமைந்தன. நம் வட்டாரங்களில் பருத்தி விளைவிப்போர் ஒருபுறமும், நெய்வோர் ஒருபுறமும், ஊசி வேலை அறிந்த பெண்கள் ஒருபுறமும் ஒருவரை ஒருவர் அறியாமல் இருக்கின்றனர். இம்மூவரையும் இணைக்க நாம் உடனே செய்யக்கூடியவை மூன்று.

முதலாவதாக, இழை எண்ணித் தைப்பதற்கு ஏற்றவாறு பாவும் ஊடையும் ஒத்த அடர்த்தியில் நெய்த துணியைக் குறைந்த கஜமாயினும் நெய்து தர நெசவாளர் சங்கங்கள் முன்வர வேண்டும். ஆலைத் துணியில் கிடைக்காத இத்துணிக்குத் தையற்குழுக்கள் நிலையான வாடிக்கையாளர் ஆவர்.

இரண்டாவதாக, இயற்கை முறையில் பருத்தி விளைவிப்போர் தம் பருத்தியைப் பிற பருத்தியோடு கலவாமல் தனியே அரைத்து, நூலாகும் வரை அடையாளம் கெடாமல் காக்க வேண்டும். கலந்துவிட்ட பருத்திக்குத் தனி விலை கேட்பதற்கில்லை.

மூன்றாவது, எல்லாவற்றிலும் அவசரமானது. ஒவ்வோர் ஊரிலும் பழைய கைவேலை அறிந்த முதியோர் சிலர் இருப்பர். பூத்தையலாயினும், பழைய பேட்டு முறையாயினும், சாயம் ஏற்றும் பக்குவமாயினும், அதை அறிந்தவர் யார் என்று சங்கம் இன்றே கணக்கெடுக்க வேண்டும். அவர்கள் கற்பிக்கும் நாட்களுக்குத் தைக்கும் நாட்களைப் போலவே கூலி கொடுக்க வேண்டும். சிட்லிங்கியில் அத்தையலை நினைவில் வைத்திருந்தவர் இருவர். அவ்விருவரும் கற்பிக்க வாய்ப்பின்றிக் காலமாகியிருப்பின், 60 பெண்களின் தொழிலும் அவர்களோடு மண்ணில் மறைந்திருக்கும்.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இம்முதியோர் கணக்கெடுப்பை முதல் தீர்மானமாகச் சேர்க்குமாறு நம் சங்க நிர்வாகிகளையும் அங்கத்தினர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.